ஆவணி விதைப்பு ஆடிக்குப் போன மர்மம்: ஓர் ஆய்வு

தேதி எழுதுவதில் உலகம் இரண்டு கட்சி. நாளை முன்னால் வைப்போர், மாதத்தை முன்னால் வைப்போர். பெரம்பலூர் தொன்றுதொட்டு முதல் கட்சி. ஆனால் இங்கே விற்கும் கணினிகளில் சில, பெட்டியைப் பிரிக்கும் முன்பே அமெரிக்கக் கட்சியில் உறுப்பினராகி வருகின்றன.

கள ஆய்வு ஒரு டைப்பிங் கடையில் நடந்தது. சித்தப்பாவின் பருத்திக் கணக்கு நோட்டில் முதல் வயல் விதைத்தது 08.09.2023, அடுத்தது 15.09.2023. கடைத் தம்பி புள்ளியை எடுத்துச் சாய்கோடு போட்டு சிஎஸ்வி கோப்பாக்கி, எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தான். அப்படித் திறந்தால் எக்செல் எந்தக் கேள்வியும் கேட்காது, தானாக முடிவெடுக்கும். மாதப் பெயரோடு பிரிண்ட் எடுத்தால் முதல் வயல் ஆகஸ்ட் 9.

“ஆடியிலயா விதைச்சேன்? ஆவணியிலதானப்பா மழையே பேஞ்சுச்சு!”

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன பழமொழியைக் கணினி மட்டும் மதித்திருக்கிறது.

15/09 தப்பித்தது. பதினைந்தாவது மாதம் கிடையாது என்பதால் எக்செல் அதை வெறும் எழுத்தாகக் கருதி, கட்டத்தின் இடது ஓரத்தில் ஒதுக்கியது. தேதி என ஏற்றுக்கொண்டவை வலது ஓரம். ஆக, இடது ஓரத்தில் முறைத்துக்கொண்டு நிற்பதே யோக்கியமானது. வலப்பக்கம் சமர்த்தாக உட்கார்ந்திருப்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும். லீப் இல்லாத வருடத்தில் 221 நாட்கள் இப்படி முறைக்கும். 132 நாட்கள் சத்தமில்லாமல் இடம் மாறும். 01/01, 02/02 என மீதி 12 நாட்களை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான்.

இதை முன்கூட்டி அறிந்த மாவட்டம் அரியலூர். பெரம்பலூரிலிருந்து அது பிரிந்தது 01.01.2001. எந்தக் கட்சிக் கணினியும் கைவைக்க முடியாத தேதி! மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தது 31.03.2002, மீண்டும் தனியானது 23.11.2007. இவ்விரண்டிலும் முதல் எண் பன்னிரண்டைத் தாண்டுகிறது. நாள் குறித்தவர்கள் எக்செல் பார்த்துத்தான் குறித்தார்கள் என்பது என் துணிபு. மறுப்போர் ஆதாரம் காட்டட்டும்.

கங்கைகொண்ட சோழபுரத்தார் மூன்றாவது கட்சி. சோழர் கல்வெட்டில் அரசன் பெயரை அடுத்து ‘யாண்டு’ வரும், ஆண்டுதான் முதலில். 1988இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 தரமும் ஆண்டையே முன்னால் வைக்கிறது. இருந்தும் ராஜேந்திரனுக்கு எக்செலில் இடமில்லை, அதன் காலண்டர் 1900 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது. 12 கோடி ஆண்டு வயது சொல்லப்படும் சாத்தனூர்க் கல்மரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதே எக்செல், 1900இல் வராத பிப்ரவரி 29ஐ வந்ததாக இன்றும் நம்புகிறது. லோட்டஸ் 1-2-3இடம் வாங்கிய பழைய பிழை.

பரிகாரம் உண்டு. கோப்பை நேரே திறக்காமல், இறக்குமதி வழியில் மூன்றாம் படி வரை போய், அந்தப் பத்தியைத் தேதி என்று குறித்து, நாள்-மாதம்-ஆண்டு வரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்கெனவே எழுத்தாக நிற்பவற்றுக்கு ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ இருக்கிறது. எழுத்தைக் காலமாக்கும் வசதிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்க்காது. ஆனால் ஒருமுறை மாறிச் சேமித்துவிட்ட தேதியிடம் இந்த வித்தை பலிக்காது, மூல நோட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

தம்பி அப்படியே செய்தான். செப்டம்பர் 8 வந்தது. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“போன வருசக் கணக்கையும் நீதானப்பா அடிச்ச?”