பாட்டு மைதானத்துக்கு வந்த வழி

பியூகிளில் ஐந்து ஒலிதான் சுலபமாக வரும்: ச, ப, மேல் ச, அதற்கும் மேலே க, ப. ரி, ம, த, நி எதுவும் கிடைக்காது. அழுத்துவதற்கு வால்வு இல்லை; உதட்டை இறுக்கியும் தளர்த்தியுமே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏற வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் நான் படித்த பள்ளியில் பேண்டு என்றால் நாலைந்து பியூகிள், சில குழல், மீதியெல்லாம் டிரம். அட்டுவம்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் போய் இறங்கும் எனக்குக் கிடைத்தது சைடு டிரம். தோல் போட்ட டிரம். மேகம் இறங்கிவிட்டால் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துபோகும். குச்சி எகிறாது, உருட்டு விழாது. விடுதிச் சமையலறை அடுப்புக்கு எதிரே டிரம்களைச் சாய்த்துவைத்துச் சூடு காட்டுவோம். கயிற்றை இழுத்து முறுக்கி, தட்டினால் ‘டக்’கென்று சத்தம் திரும்பிய பிறகுதான் மைதானத்துக்கு இறங்குவோம்.

வாசித்ததெல்லாம் இங்கிலீஷ் மார்ச்சுகள். சினிமாப் பாட்டு மைதானத்துக்குள் வரக்கூடாது என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். இலங்கை வானொலியில் கேட்ட பாட்டை பெஞ்சில் விரலால் தட்டிப் பார்ப்போம். டிரில் மாஸ்டர் தலை தெரிந்தால் கை நின்றுவிடும். ஆனால் நாங்கள் மிகவும் விரும்பி வாசித்த ‘கர்னல் போகி’ எப்படி எங்களிடம் வந்தது? ஆல்ஃபோர்டு என்ற ராணுவ பேண்ட் மாஸ்டர் 1914-ல் எழுதிய மார்ச் அது. அதை ஊருலகமெல்லாம் சீட்டியடிக்க வைத்தது, இலங்கையில் படமெடுத்து 1957-ல் வெளியான ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ என்ற சினிமா.

கொடுக்கல் வாங்கல் அதற்கும் வெகு முன்பே நம் ஊரில் நடந்திருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில் இருந்த நாட்களில் கோட்டை பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஏறத்தாழ 40 உண்டு. பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டிலேயே அம்பாளைப் பாடியிருக்கிறார். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி தம் அரண்மனையிலேயே மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். மைதானத்து இசைக்கு சுத்தம் பார்த்தவர்கள் இந்த வரலாற்றை எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தால், நாங்கள் சினிமாப் பாட்டை எவ்வளவோ முன்பே தொடங்கியிருப்போம்.

ஒரே ஒரு தமிழ் மெட்டு அன்றைக்கும் எங்களுக்கு அனுமதியாக இருந்தது: தமிழ்த்தாய் வாழ்த்து. எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டமைத்தது, மோகன ராகம், திஸ்ர நடை. மோகனத்தில் ச ரி க ப த. அதில் மூன்று பியூகிளிலேயே இருக்கிறது. எங்கள் பேண்ட் மாஸ்டர் மெட்டைக் குழலுக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு அடி முடியும் இடத்திலும் பியூகிள்களை ச-விலும் ப-விலும் நிற்கவைத்தார். நோட்டில் பென்சிலால் அவர் எழுதி, அழித்து, மறுபடி எழுதியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பாட்டை வேறு கருவிக்கும் காலுக்கும் ஏற்ப மாற்றி எழுதுவது தனியாக ஒரு வேலை, அதற்கென்று ஒரு மூளை வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

இன்று, அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்று வெளியூர்க்காரர்கள் அறிந்த அதே அட்டுவம்பட்டியில், சனிக்கிழமைகளில் பெண்களுக்கு பேண்டு சொல்லிக்கொடுக்கிறேன். டிரம்மில் பிளாஸ்டிக் தோல். மேகம் வந்தாலும் தொய்வதில்லை. டிரம்பெட்டுக்கு மூன்று வால்வு, பன்னிரண்டு சுரமும் வரும். குளிரில் சுருதி இறங்கும் என்பது மட்டும் மாறவில்லை. ஊதிச் சூடேற்றாமல் சுருதி சேர்த்தால், ஆட்டம் பாதியில் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். பாட்டை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், பெரும்பாலும் குத்துப்பாட்டு. அதில் எனக்கு மறுப்பே இல்லை. குத்துப்பாட்டில் பெரும்பகுதி சிக்ஸ் எய்ட் பீட்: ஒரு பாருக்கு மூன்று மூன்றாக இரண்டு தட்டு. முதல் மூன்றில் இடது கால், அடுத்த மூன்றில் வலது. அமெரிக்க பேண்டுகளின் தந்தை போன்ற சூசா எழுதிய ‘வாஷிங்டன் போஸ்ட்’ மார்ச்சும் இதே நடைதான். நிமிடத்துக்கு 120 அடி வைக்கும் அணிவகுப்புக்குத் தெம்மாங்கு இயல்பாகவே பொருந்தும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பாடகியின் குரலை டிரம்பெட்டுக்கு அப்படியே கொடுத்தால் கமகமெல்லாம் உதிர்ந்து, வெறும் கட்டையான சுரங்கள் மிஞ்சும். அதனால் குரல் குழைகிற இடங்களில் டிரம்பெட் நீட்டிப் பிடிக்கும், அந்தக் குழைவைச் சைடு டிரம் உருட்டில் கொண்டுவருவோம். இளையராஜா பாட்டென்றால் நான் முதலில் எடுப்பது இடையிசையை. பண்ணைப்புரத்தில் பிறந்தவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாமே நோட்ஸ் எழுதுபவர். அவருடைய இடையிசை ஏற்கனவே பல குரலாகப் பிரிந்து கிடக்கிறது. வயலின் வரியைக் குழலுக்கும் பேஸ் கிட்டாரை பேஸ் டிரம்முக்கும் பங்கிட்டாலே மைதானம் நிறைந்துவிடும்.

பிறகு தரை. இந்த மலையில் சமதரை கிடைப்பது அரிது. பல்லவி 16 பார், பாருக்கு இரண்டு காலடி, ஒரு காலடி 30 அங்குலம்: மொத்தம் 80 அடி தூரம். எங்கள் மைதானம் அதற்கு முன்பே முடிகிறது. ஆகவே பல்லவியின் முதல் பாதியில் நடந்து, நடுவில் திரும்பி, மீதிக்கு நின்ற இடத்திலேயே ‘மார்க் டைம்’. சத்தமும் சும்மா இருப்பதில்லை. 34 மீட்டர் கடக்க அதற்குப் பத்தில் ஒரு வினாடி ஆகிறது. முன்வரிசைப் பெண் டிரம் மேஜரின் கையைப் பார்த்து வாசித்தால் பின்வரிசைக்கு முந்திவிடுவாள். பின்னாலிருந்து வரும் டிரம்மைக் கேட்டு வாசித்தால்தான் பார்ப்பவர்களுக்கு ஒன்றாகக் கேட்கும்.

இதனால்தான் இன்று பல ஆண்டுவிழாக்களில் நான் காண்பது என்னை வருத்துகிறது. மூலையில் ஸ்பீக்கர் வைத்து ஒரிஜினல் பாட்டையே ஓடவிட்டு, அதன்மேல் பிள்ளைகள் டிரம் அடிக்கிறார்கள். ஸ்பீக்கருக்கு அருகில் ஒரு தாளம், தூரத்தில் ஒரு தாளம். பாட்டு மைதானத்துக்கு வந்துவிட்டது. அதை மைதானத்துக்காக எழுத ஒருவரும் உட்காரவில்லை. அன்று எழுதத் தெரிந்தவர் இருந்தார், பாட்டுக்கு அனுமதி இல்லை. இன்று அனுமதி இருக்கிறது, நோட்ஸ் எழுதும் செயலி கைபேசியிலேயே கிடைக்கிறது. பொறுமையைத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

டெல்லியில்கூடக் கதவு திறந்துவிட்டது. 2022 குடியரசு தின ஒத்திகையில் கடற்படை பேண்டு ஆர்.டி. பர்மனின் பழைய சினிமா மெட்டை வாசித்த காட்சி நாடெங்கும் சுற்றியது, சிலர் கோபித்தார்கள். வாசித்தவர்கள் பிசிறில்லாமல் வாசித்தார்கள், எனக்கு அது போதும். அதே ஆண்டு பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் ‘அபைடு வித் மீ’ விடுபட்டு, 1963-ல் லதா மங்கேஷ்கர் பாடிய தேசபக்திப் பாடல் இடம்பெற்றது. கிறித்துவப் பாட்டை எடுத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து, இரண்டுக்கும் இடமிருந்தது. அமெரிக்காவில் டிரம் கோர் போட்டிகளில் கால்பந்து மைதானம் முழுவதையும் மேடையாக்கி ஜாஸ், ராக் எல்லாவற்றையும் வாசிக்கிறார்கள். 2004-ல் அங்கே மைக் அனுமதித்தபோது பழைய ஆட்கள் கொதித்தார்கள். அவர்கள் தரப்பு எனக்குப் புரிகிறது.

பாட்டெழுதியவரின் உரிமையையும் பெண்களுக்குச் சொல்கிறேன். மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன்னால் பள்ளி விழாவில் வாசிக்க நம் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டு வெளியாருக்கு நடத்தும் போட்டி அதில் அடங்காது. நோட்ஸின் தலைப்பில் இசையமைப்பாளர் பெயரும் பாடலாசிரியர் பெயரும் இல்லாமல் என்னிடம் யாரும் தாளை நீட்டக்கூடாது.

இப்போது எடுத்திருக்கும் பாட்டில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் அரை பார் கூடுதலாக இருக்கிறது. அப்படியே விட்டால் பல்லவி வலது காலில் தொடங்கும். வெட்டினால் கால் சரியாகும், பாட்டு நொண்டும். “வெட்டாதீங்க மிஸ், அந்த எடத்துல எல்லாரும் சேஞ்ச் ஸ்டெப் போட்டுருவோம்” என்கிறாள் பேஸ் டிரம் வாசிக்கும் பெண். வரிசை முழுதும் ஒரே நேரத்தில் கால் மாற்றினால் அதுவே பார்வைக்கு ஓர் அசைவாகிவிடும், டிரம்முக்கும் ஓங்கியடிக்க ஓரிடம் கிடைக்கும். முன்வரிசைக்கு அந்த அடி கொஞ்சம் தாமதமாகக் கேட்கும் என்பதால் முதலில் குழல் இல்லாமல், டிரம் மட்டும் வைத்து நடந்து பார்க்கப் போகிறோம்.