மலைமேல் ஒரு காம்பவுண்டு சுவர்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலில், கார்ன் பிரே என்றொரு குன்று. உயரம் 228 மீட்டர். ஏறக்குறைய 5,600 வருஷத்துக்கு முன்னால், புதிதாக விவசாயம் பழகிய ஒரு கூட்டம் மேலே ஏறிச் சுற்றிப் பார்த்தது. காற்று ஆளைத் தள்ளுகிறது. கால் வைக்கிற இடமெல்லாம் பாறை. "பேஷ், இங்கேயே இருந்துடலாம்!"

கால் கிரவுண்டு வாங்கியவர்கூட முதலில் செய்கிற வேலை எதுவோ, அதைத்தான் இவர்களும் செய்தார்கள்: காம்பவுண்டு சுவர். இரும்பு கிடையாது, சக்கரம் கிடையாது. டன் கணக்கில் கனக்கும் கருங்கற்களை நெம்பி, உருட்டி, "டேய், கால், கால்!" என்று கத்திக்கொண்டே ஆள் உயரத்துக்கு எழுப்பிவிட்டார்கள். உள்ளே நூறிலிருந்து இருநூறு பேர் வாழ்ந்திருக்கலாம் என்பது 1970-73இல் அங்கே தோண்டிய தொல்லியலாளர் ரோஜர் மெர்சரின் கணக்கு.

பெரிய சுவரில் ஒரு சங்கடம் உண்டு. உள்ளே ஏதோ இருக்கிறது என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் அதுவே தண்டோரா போட்டுவிடும். இருந்தது என்னவோ பானையும் கல் கோடரியும்தான். அந்தப் பானைக்குக்கூட மண் லிசார்ட் என்ற தீபகற்பத்திலிருந்து வந்தாக வேண்டும்!

தண்டோரா கேட்டு யாரோ சண்டைக்கு வந்தார்கள். எரிந்த தடயங்களோடு 700க்கும் மேற்பட்ட அம்பு முனைகளும் கிடைத்திருக்கின்றன. எல்லாம் சிக்கிமுக்கிக் கல். நல்ல சிக்கிமுக்கி கிழக்கே வெகு தூரத்திலிருந்து வரவேண்டிய சரக்கு. அதைச் செதுக்கிச் செதுக்கிக் கூர் தீட்டி அடுத்தவன் சுவர்மேல் எய்திருக்கிறார்கள் என்றால், வயிற்றெரிச்சல் சாதாரணமானதா? செத்தது எத்தனை பேர் என்று எண்ண எலும்பு மிஞ்சவில்லை. அங்கே மண்ணில் அமிலம் ஜாஸ்தி, தின்று தீர்த்துவிட்டது.

பல ஆயிரம் வருஷம் கழித்துப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். வில்லியம் போர்லேஸ் என்ற பாதிரியார் 1754இல் போட்ட புத்தகத்தில், பாறை உச்சியில் இருக்கிற குழிகளெல்லாம் துரூயிடு என்ற பழங்காலப் பூசாரிகளின் தீர்த்தத் தொட்டி என்று எழுதிவிட்டார். குழி தோண்டியது மழையும் பனியும். பூசாரிகளோ சுவருக்கு மூவாயிரம் வருஷம் ஜூனியர்.

ஊர்க்காரர்கள் இன்னும் தாராளம். முன்னொரு காலத்தில் ஒரு ராட்சதன் செயின்ட் ஆக்னஸ் குன்றில் ஒரு காலும் கார்ன் பிரேயில் இன்னொரு காலுமாக நிற்பானாம். நடுவில் ஆறு மைல்! சுவர் கட்டியவர்களில் ஒருத்தர் பேர்கூட யாருக்கும் தெரியாது. ராட்சதனுக்கு மட்டும் பேர் இருக்கிறது: போல்ஸ்டர்.