ஓடிடுச்சு அண்ணா!

நீரோட்டம், காற்றோட்டம் கணிக்கிற சிமுலேஷன் மென்பொருள்களுக்குப் பெரிய மனசு. தங்களிடம் இல்லாத வசதியை நாமே சி மொழியில் பத்து வரி எழுதிச் செருகிக்கொள்ளலாம். யூடிஎஃப் (யூசர் டிஃபைன்ட் ஃபங்ஷன்) என்போம். வந்தவர் யாரென்று கேட்காமல் அடுக்களைவரை விட்டுவிடுகிற வீடு மாதிரி. அப்புறம் ஏதாவது உடைந்தால் யார் உடைத்தது என்று அதற்கே தெரியாது. 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று முனகிவிட்டு மூடிக்கொள்ளும். எந்த வரியில் என்று கேட்டால், மூச்!

எங்கள் ஆய்வகத்தில் இந்தப் பஞ்சாயத்தெல்லாம் என்னிடம்தான் வரும். "கிராஷ் ஆகுது அண்ணா" என்று அழாத குறையாக வந்தால் எனக்குக் கவலையில்லை. பெரும்பாலும் மெமரி ஒதுக்காமலே அதில் எழுதப் போயிருப்பான். மெனுவில் ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்தது. "ஓடிடுச்சு அண்ணா!" என்று சிரித்தபடி வந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

அப்படி ஒருத்தி படம் காட்டினாள். பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. சிவப்பும் மஞ்சளுமாக, காலண்டரிலேயே போடலாம். ஒரே குறை, அடுப்பு பற்றவைக்கவில்லை. அவள் எழுதிய நிரலைத் திறந்தால், வெப்பநிலை 100-ஐத் தாண்டினால் ஆவியாக்கு என்றிருந்தது. திரையில் செல்சியஸ் தெரிந்தாலும் உள்ளே கணக்கு நடப்பது கெல்வினில். 27 டிகிரி அறை அங்கே 300. ஐஸ் கட்டியைப் போட்டிருந்தாலும் கொதித்திருக்கும்.

இன்னொருவனுடைய குழாயில் தண்ணீர் அசையவே இல்லை. வேகச் சூத்திரம் 1/2 என்று தொடங்கியிருந்தது. சி மொழி முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். அரை அங்கே பூஜ்யம். "ஆனா கன்வர்ஜென்ஸ் சூப்பர் அண்ணா" என்றான். கணக்கு ஆட்டமில்லாமல் ஒரே விடையில் நிலைத்துவிட்டதாம். நிற்கிற தண்ணீருக்குக் கன்வர்ஜென்ஸில் என்ன கேடு!

இந்த ஓட்டங்களை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளின் புதிரை அவிழ்ப்பவருக்கு 10 லட்சம் டாலர் தருவதாக கிளே கணித நிறுவனம் 2000-இல் அறிவித்தது. எங்கள் புதிருக்கு 1-க்குப் பின்னால் ஒரு புள்ளி போதுமாக இருந்தது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது பேரலல் ஓட்டம், அதாவது கணக்கைத் துண்டுகளாக்கிப் பிராசஸரின் பல கோர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது. ஒரு கோரில் சரியாக வந்த மொத்த வெப்பம் 16 கோரில் ஏறிவிட்டது. துண்டுகளின் எல்லையில் இருந்த குட்டிக் கட்டங்களை (செல்களை) இரண்டு பக்கத்துக் கோர்களும் தங்கள் கணக்கில் சேர்த்திருந்தன. கோர் கூடக்கூட வெப்பம் கூடுமென்றால் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி எதற்கு? காரணம் தேடி ஒரு பிரிண்ட் வரி போட்டான் பையன். அதுவும் ஒவ்வொன்றாக 16 முறை வந்து நின்றது.

ஆகவே எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். விடை தெரிந்த கணக்கை முதலில் ஓட்டு. நேரான வட்டக் குழாயில் கொந்தளிப்பில்லாத லேமினார் ஓட்டம் சீராகிவிட்டால், நடுவில் உள்ள வேகம் சராசரியைப் போல 2 மடங்கு வரவேண்டும். வரவில்லையா, அந்தப் படத்தைப் பேராசிரியர் கண்ணில் மட்டும் காட்டிவிடாதே. கலர் நன்றாக இருந்தால் பேப்பர் எழுதச் சொல்லிவிடுவார்.