பல் தந்தியடித்தால் படம் தேறாது

சென்னை வெயிலில், 28 டிகிரி நீச்சல் குளத்துக்குள் போட்டோஷூட். அதற்குப் போய்க் குளிருமா என்ன?

குளிரும். 28 டிகிரி அறையில் ஃபேன் ஸ்விட்சைத் தேடுவீர்கள். 28 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தால் போர்வையைத் தேடுவீர்கள். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு அதிகமாகச் சூட்டைக் கடத்தும். நீந்துகிறவராவது கைகாலை அடித்துச் சூடேற்றிக்கொள்வார். நீங்களோ கனவில் மிதப்பதுபோல அசையாமல் கிடக்க வேண்டும். அதற்கு 33, 34 டிகிரியாவது வேண்டும்.

உடைக்குள் வெட்சூட் போடலாமா?

கையும் கழுத்தும் மூடிய உடையென்றால் தாராளமாக. ஆனால் வெட்சூட் மிதக்கும்; உங்களை மூழ்கவிடாது. இடுப்பில் எடை பெல்ட் கட்டச் சொல்வார்கள். ஒரே இழுப்பில் அது கழல்கிறதா என்று கரையிலேயே பாருங்கள். புடவையென்றால் பெல்ட் வெளியே இருக்கட்டும். கொசுவத்துக்குள் சிக்கிய கொக்கியைத் தண்ணீருக்கடியில் துழாவுவது சிரிக்கிற விஷயம் இல்லை.

இறங்குமுன் குளிருக்கு இதமாக ஒரு பெக்?

தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடேறியதுபோல இருக்கும். உள்ளேயிருக்கும் சூடுதான் அந்த வழியாக வெளியேறுகிறது. மூச்சடக்கும் வேலையில் இதைவிட மோசமான யோசனை ஒன்றுதான்: இரண்டு பெக்.

கேட் வின்ஸ்லெட் ஏழு நிமிடம் மூச்சடக்கினாராமே?

2022-ல் வந்த ‘அவதார்’ இரண்டாம் பாகத்துக்காக, ஏழு நிமிடத்துக்கு மேலேயே. பயிற்சியாளரை வைத்துப் பழகியவர் அவர். குளிரில் உங்கள் மூச்சு இன்னும் சீக்கிரம் தீரும். அதை ஈடுகட்ட வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்காதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் மயக்கம் வரும்.

தண்ணீரில் இருந்தால் அடிக்கடி பாத்ரூம் வருகிறதே?

குளிரில் ரத்தம் உள்ளே ஒதுங்க, உடம்பில் நீர் மிகுதி என்று சிறுநீரகம் தப்புக்கணக்குப் போடுகிறது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள்.

நடுங்கும்போதும் ‘இன்னும் ஒரே ஒரு ஷாட்’ என்கிறார் போட்டோகிராபர்...

அவர் வெட்சூட்டில் இருப்பார், நீங்கள் ஷிஃபானில். உதடு நீலமானால் கம்ப்யூட்டரில் சிவப்பாக்கிவிடலாம். இறுகிய தாடையை என்ன செய்வார்? நடுக்கம் தொடங்கியதுமே ஏறிவிடுங்கள். ஈரத்துணியை மாற்றி, தலையைத் துவட்டி, போர்த்திக்கொண்டு சுக்குக் காபி குடியுங்கள். நேரே போய்க் கொதிக்கும் ஷவரில் நிற்க வேண்டாம், தலைசுற்றும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கரையேறுவீர்கள் என்பதைச் சம்பளம் பேசும்போதே பேசிவிடுங்கள்.