எதிர்நாயகர் இலக்கணம்: சல்லிப் பாடம்

நூல் தொடங்குமுன் எல்லை சொல்லுவது பழைய முறை. இந்நூலுக்குக் கிழக்கே கடல், மேற்கே சாம்பல்தீவு, தெற்கே உப்புவெளி, வடக்கே நிலாவெளி. நடுவில் கிடப்பது சல்லி. திருகோணமலை ஆட்களுக்கு எங்கள் ஊரை முத்துமாரியம்மனால் தெரியும், மீனால் தெரியும். ஊர்ப்பெயருக்குப் பொருள் தேடியவர்கள் களைத்துப்போனார்கள். தமிழில் சல்லி என்றால் உடைத்த கல், அல்லது ஒன்றுக்கும் உதவாத சிறுகாசு. சிங்களத்தில் அதே சொல் பணத்துக்கே பெயர். மாட்டின் கொம்பில் காசைக் கட்டி இளந்தாரிகளைப் பாயவிடும் சல்லிக்கட்டுக்கும் இதுவே வேர் என்பர் ஒரு சாரார். ஆக, காசும் ஆண்பிள்ளைத்தனமும் ஒரே சொல்லில் அடங்கிய ஊரிலிருந்து எதிர்நாயகரை வகைப்படுத்துவது தகும் என்க. இவ்வளவு பொருத்தம் தற்செயலாக அமையாது என்றேன். அமையும் என்றார் பெரியப்பா.

அடுத்தது வரையறை. வில்லன் வந்தால் திட்டிவிட்டு எழும்பித் தேத்தண்ணி ஊற்றப் போகலாம். எதிர்நாயகன் வந்தால் ஊற்றிய தேத்தண்ணி ஆறும். ரீவியில் அவன் செய்வது முழுக்க அநியாயம் என்று தெரிந்தும் நாளைக்கும் அதே நேரத்துக்கு வந்து குந்தவைக்கிறவன் எவனோ அவனே எதிர்நாயகன்.

இவனுக்கு முன்னோர் நூலில் இடமுண்டா எனின், பாதி உண்டு. பெருமிதம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் கல்வியையும் அஞ்சாமையையும் புகழையும் கொடையையும் சொல்லிவைத்தார். சின்னத்திரை ஆண்பிள்ளைக்கு இந்த நாலில் ஒன்றும் இருக்காது. பெருமிதம் மட்டும் குறைவில்லாமல் இருக்கும். முதல் இல்லாமல் வட்டி வாங்குவது போன்ற இந்த வித்தை அவர் காலத்தில் இல்லாதபடியால் அவரைக் குறைசொல்ல முடியாது.

முதலாம் வகை, குரல்வலியன்.

இதற்கு எடுத்துக்காட்டு ஒன்று போதும். 2022 பெப்ரவரியில் சன் ரீவியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்த 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரன். எடுத்தவர் 'கோலங்கள்' திருச்செல்வம். படித்த பெண்களைத் தேடிப் பிடித்துத் தனக்கும் தம்பிமாருக்கும் கட்டி, கட்டிய கையோடு அடுப்படிக்குள் விடுகிற மனிதன். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி என்று மூன்று பேர் ஏற்கெனவே உள்ளே. நாலாவதாக ஜனனி வந்து சேருகிறாள். கதை அவளுடையது. ஊர் பேசியதோ அவனைப் பற்றி.

அவனுடைய விளியை உரையாசிரியர்கள் தனியே ஆராய வேண்டும். 'ஏய், இந்தாம்மா' என்பது ஒரு பாடம். 'இந்தாம்மா, ஏய்' என்பது இன்னொரு பாடம். எது மூலம் என்பதில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு கட்சி. நான் முதற்பாடத்தின் பக்கம். ஏனெனில் 'ஏய்' தள்ளுகிறது, 'இந்தாம்மா' கூப்பிடுகிறது. 'ஏய்' மரியாதையைப் பறிக்கிறது. 'அம்மா' பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதுபோல் நீட்டுகிறது. வாங்கப் போனால் கை காலி. ஒரு மூச்சுக்குள் ஒரு பெண்ணைக் கீழே இறக்கித் தாயாகவும் ஏற்றிவைக்கும் இந்தச் சொற்கட்டில் தமிழ்க் குடும்பத்தின் பாதி அரசியல் கிடக்கிறது. மீதிப் பாதி சொத்து.

அதுவும் அந்தத் தொடரில் உண்டு. இவ்வளவு கத்துகிறவனின் தூக்கத்தைக் கெடுத்தது அப்பத்தா பட்டம்மாளின் 40 சதவீதப் பங்கு. கிழவி ஒரு மூலையில் இருக்கிறாள், சத்தமே இல்லை, பங்கு அவள் பேரில். குணசேகரனின் குரல் எந்த நாளில் கூடுதலாக ஏறுகிறது என்று கவனித்தால், அன்றைக்கு அந்த 40-ஐப் பற்றி ஏதோ நடந்திருக்கும். இதிலிருந்து பெறப்படும் விதி: குரல் ஏறுவது அதிகாரம் இறங்கும்போது.

விதிக்குச் சான்று கேட்பார்க்கு ரீவியை விட்டு ரோட்டுக்கு வர வேண்டும். போர்க்காலத்தில் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகப் பாஸ் எடுக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தள்ளலாம், எத்தனை மணிக்குள் கரைக்கு வர வேண்டும் என்பதைக் காற்று தீர்மானிக்கவில்லை. டவுனுக்குப் பஸ்ஸில் போனால் சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாய் நடந்து, அப்பால் நிற்கும் பஸ்ஸில் திரும்ப ஏறுவோம். அங்கே நின்றவர்கள் கத்தி நான் கேட்டதேயில்லை. ஒரு விரல் அசையும்; பஸ் நிற்கும். இரண்டு விரல் அசையும், பஸ் போகும். வெயிலில் நடந்து போகும் ஆண்களின் முதுகைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். கடலில் நாலு பேருக்குக் கட்டளை போடும் மனிதர்கள், அந்த ஐம்பது யார் தூரத்துக்குப் பள்ளிக்கூடப் பொடியன்கள் போல நடப்பார்கள்.

அன்றைக்குப் பின்னேரம் சொதிக்கு உப்புக் காணாது. கோப்பை பறக்கும். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் பொறுக்குவார். எனக்கு ஏழு எட்டு வயது. உப்பில்தான் பிழை என்று நினைத்தேன்.

ஆகவே குணசேகரன் முதல் தரம் திரையில் கத்தியபோது மற்ற ஊர்களில் எப்படியோ, இங்கே ஒருவருக்கும் பயம் வரவில்லை. அதிகாரம் உள்ளவன் இப்படிக் கத்தமாட்டான் என்பது இந்த ஊருக்குத் தெரிந்த பாடம். வந்தது சிரிப்பு, சிரிப்புக்குப் பின்னால், எங்கேயோ கேட்ட குரலாச்சே என்ற யோசனை.

தொடர் இவனைக் கண்டிக்கிறதா, விற்கிறதா என்ற கேள்விக்கு என் தீர்ப்பு: இரண்டும். வசனம் அவனைத் திட்டும். கமெராவோ அவன் நடந்து வரும்போது கீழே குனிந்து அவனை ஓராள் பெரிதாக்கிக் காட்டும், பின்னணி இசையும் கூடவே நடக்கும். கண்டிக்க எழுதிய வசனத்தை யாரும் போனில் மணியாக வைக்கவில்லை, 'இந்தாம்மா'வை வைத்தார்கள்.

நடித்த ஜி. மாரிமுத்துவைப் பற்றியும் ஒரு குறிப்பு. தேனிப் பக்கத்துக்காரர், 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று இரண்டு படம் இயக்கியவர். வெளியில் மூடநம்பிக்கைக்கு எதிரானவர். ஒரு விவாத நிகழ்ச்சியில் சோதிடர்களோடு வாதாடியதை ஊரெல்லாம் பகிர்ந்தது. 2023 செப்டெம்பர் 8 காலை, இதே தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அந்தப் பாத்திரத்தை ஒவ்வொரு இரவும் 'கட்டையில போவான்' என்று திட்டிய மாமி அன்றைக்குச் சமைக்கவில்லை. பிறகு 'குற்றப் பரம்பரை' எழுதிய வேல ராமமூர்த்தி அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். இவர் கண்ணால் பயமுறுத்துகிறவர். மாமிக்குப் பிடிக்கவில்லை. திட்டுவதற்குக் குரல் வேண்டும் என்றார்.

இரண்டாம் வகை, தாய்சொல்லான்.

2002 முதல் 2005 வரை ஓடிய 'மெட்டி ஒலி'யில் சேத்தன் நடித்த மாணிக்கம் இவ்வகையின் தலைவன். அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத மகன், கட்டியவளுக்குக் கொடுமைக்காரன். அவனுடைய அதிகாரம் சொந்தமானது அன்று, இரவல். இரவல் வாங்கிய சைக்கிளைத்தான் பொடியன்கள் கண்மண் தெரியாமல் ஓட்டுவார்கள் என்பது இதற்கு உரை. அதே சேத்தன் 2023-இல் 'விடுதலை'யில் பொலிஸ் அதிகாரியாக வந்து குலை நடுங்க வைத்தார். உடுப்பு மாறியது, இரவல் மாறவில்லை; அங்கே தாய்க்குப் பதில் அரசாங்கம்.

இந்த வகைக்கு மூதாதை எங்கள் மாவட்டத்துக்காரர். கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில் மலை பிளந்து நிற்கிறதே, இராவணன் வெட்டு, அது ஏன் வந்தது? சுகமில்லாத தாயால் கோயிலுக்கு வர முடியவில்லை. கோயிலை மலையோடு பெயர்த்து அவளிடம் கொண்டுபோகிறேன் என்று வாளை எடுத்ததால் வந்தது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு ஏன் வந்தது? அந்தத் தாய்க்குக் கிரியை செய்யத் தண்ணீர் தேடி நிலத்தைக் குத்தியதால் வந்தது. ஊர்க்கதை இரண்டிலும் சீதை இல்லை. ஒரு மகன், ஒரு தாய், பொறுமை இல்லாத ஒரு வாள். சுற்றுலாக்காரர் எட்டிப் பார்த்துப் படம் எடுக்கும் அந்தப் பிளவை, சுகமில்லாத அம்மாவைப் பார்த்து வேறென்ன செய்வதென்று தெரியாத ஒருத்தன் வெட்டிய வெட்டு என்றே நான் படிக்கிறேன்.

இந்த இராவணன் ரீவிக்கும் வந்தான். ராமானந்த் சாகரின் 1987-ஆம் ஆண்டு 'ராமாயண்' தொடரில் இராவணனாக வந்தவர் அரவிந்த் திரிவேதி. 1991 தேர்தலில் குஜராத்தின் சாபர்காண்டா தொகுதியில் வென்று மக்களவைக்குப் போனார். சீதையாக நடித்த தீபிகாவும் அதே தேர்தலில், அதே கட்சியில், பரோடாவில் வென்றார். இராமனாக நடித்த அருண் கோவில் மீரட்டில் வென்றது 2024-இல். இராவணன் முந்தியது 33 வருடம். இதற்கு விளக்கம் எழுதப் புகின் நூல் பெருகும்.

மூன்றாம் வகை, குடும்பத்துக்காகச் செய்பவன்.

அமெரிக்காவின் 'பிரேக்கிங் பேட்' இதற்கு நூல் போன்றது. 2008 முதல் 2013 வரை 62 பாகம். வால்டர் வைட் வேதியியல் வாத்தியார். சம்பளம் போதாமல் கார் கழுவுமிடத்திலும் நிற்கிறவர். புற்றுநோய் என்று தெரிந்ததும் போதைப்பொருள் காய்ச்சத் தொடங்குகிறார். குடும்பத்துக்காக, குடும்பத்துக்காக என்று கடைசிப் பாகம் வரை சொல்லி, கடைசியில் மனைவியிடம் உண்மையைக் கக்குகிறார்: எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது. தமிழ்த் தொடர்களில் இந்த வாக்குமூலத்துக்கு நான் இன்னும் காத்திருக்கிறேன். நம்முடைய ஆட்கள் மனம் மாறுவார்கள், காலில் விழுவார்கள், ஆஸ்பத்திரியில் படுப்பார்கள். பிடித்திருந்தது என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

கரையிலும் இதே சொல் கேட்கும். வள்ளத்துக்கும் வலைக்கும் முற்பணம் தந்த முதலாளி, பிடித்த மீனைத் தானே விலை வைத்து எடுப்பார். ஏன் என்றால், உங்கட குடும்பங்களுக்காகத்தானே தந்தனான் என்பார். அவரும் கத்துவதில்லை. கொப்பியைத் திறப்பார், அவ்வளவுதான்.

நான்காம் வகை முதலியன.

அழுகிறவன் என்று ஒரு வகை உண்டு, 'சொப்ரானோஸ்' தொடரின் ரோனி. நீச்சல்குளத்துக்கு வந்த வாத்துகள் பறந்துபோனதற்கு மயங்கி விழுந்து மனநல வைத்தியரிடம் போன மாஃபியாக்காரன். 1999-இல் வந்தவன். எங்கள் பக்கத்தில் வைத்தியரிடம் போகிற குணசேகரனை எழுத இன்னும் ஆள் இல்லை. கைவைக்காமல் மூளையால் ஆளுகிறவன் இன்னொரு வகை. 2017-இல் ஐரிஎன்னில் வந்த சிங்களத் தொடர் 'கூம்பியோ'வின் ஜெஹான். துமிந்து தொடன்தென்ன நடித்தது. கூம்பியோ என்றால் எறும்புகள். சிங்களம் தெரிந்த மருமகப் பொடியன் எனக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டினான். அவனுக்கு ஜெஹான் மாதிரி வரவேண்டுமாம். குணசேகரன் மாதிரி வரவேண்டும் என்று ஒருத்தனும் சொல்லிக் கேட்டதில்லை. வந்துவிடுகிறார்கள்.

கேட்போர் இயல்.

நூலைக் கேட்டவர் யார் என்பதும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ரீவி நடுவறையில். மாமியும் பெரியம்மாவும் பாயில். பிள்ளைகள் அவர்களின் மடியில். ஆண்கள் விறாந்தையில், ரீவிக்கு முதுகு காட்டி. பெண்டுகள் பார்க்கிற நாடகம் அது. நமக்கென்ன என்பது முதுகின் பொருள். பெரியப்பா மடியில் வலை, கையில் ஊசி, வலை பொத்துகிறார். ஒன்பதரைக்குத் தொடங்கி விளம்பரம் வரும்வரை ஊசி ஓடாது. விளம்பரம் வந்தால் ஓடும். ஒரு வாரம் எண்ணினேன். ஒரு கண்ணும் தவறவில்லை.

2022-இல் ஆண்கள் எல்லோரும் கரையில். முதலில் மண்ணெண்ணெய் இல்லை. ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. அந்த விலைக்கு மெசினை இழுத்துப் போனால் மீன் போதாது. வள்ளங்கள் மணலில் கிடந்தன. உப்புக் குறைகிற நாட்கள் திரும்ப வரும் என்று நான் பயந்தேன். பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அவர் கத்தவில்லை. விறாந்தையில் இருந்தார்.

ஒரு நாள் இரவு. சாப்பாட்டு மேசையில் குணசேகரன் எழும்பி நிற்கிறான். விரல் நீளுகிறது. ஜனனி முதல் தரமாக நிமிர்ந்து எதையோ சொல்ல வாயெடுக்கிறாள். பாதியில் கரண்ட் போனது. ஊர் முழுக்க இருட்டு. கடல் மட்டும் கேட்டது. பிள்ளைகள் கத்த, மாமி விளக்குத் தேடி எழும்பினார். நெருப்புப்பெட்டி நமுத்துப்போயிருந்தது, இரண்டு குச்சி பற்றவில்லை.

விறாந்தைப் பக்கமிருந்து, பெரியம்மாவை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டிராத ஒரு குரலில், பெரியப்பா கேட்டார்:

"இஞ்சாரப்பா, அந்தப் பிள்ளை கடைசியா என்ன சொன்னது?"