பல் பிடித்துப் பார்த்து அணி எடுத்தல்

இந்தியக் கிரிக்கெட் அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, கிரிக்கெட் வாரியம் சம்பளம் கொடுத்து அமர்த்தும் ஐவர் குழுவிடம் இருக்கிறது என்பது ஏட்டில் உள்ள விதி. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டிலோ, சம்பளம் வாங்காமல், தன் கைக்காசில் டீயும் குடித்துக்கொண்டு அதே பணியை ஆற்றும் குழுக்கள் டீக்கடைக்கு ஒன்று வீதம் இயங்கி வருகின்றன. ஐவர் குழுவுக்குத் தலைவர் உண்டு, பதவிக்காலம் உண்டு, பதவி நீக்கமும் உண்டு. டீக்கடைக் குழுவுக்கு இம்மூன்றும் இல்லை. பெஞ்சில் இடம் பிடித்தவர் உறுப்பினர், குரல் ஓங்கியவர் தலைவர், வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் அன்றைய பதவி முடிந்தது என்பதே அதன் சட்டம். இக்குழுக்கள் அணியையும் மட்டை வரிசையையும் எவ்வாறு வகுக்கின்றன, இளம் ஆட்டக்காரர்களை எந்த அளவுகோலால் அளக்கின்றன, ஆட்டக்காரர்களின் நடத்தையை எந்த நீதிநூலின்படி விசாரிக்கின்றன என்பவை ஆராயத் தக்கவை.

முதலில் காலத்தைக் கருத வேண்டும். மானாவாரி என்பது, கிணற்றுப் பாசனமோ கால்வாயோ இன்றி மழை ஒன்றையே நம்பிச் செய்யும் வேளாண்மை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தது தை, மாசியில் களத்துக்கு வந்துவிடும். பங்குனி பிறந்தால் காட்டில் மனிதனுக்கு வேலை இல்லை, கம்மாய் எனப்படும் ஏரியில் தண்ணீரும் இல்லை. ஐ.பி.எல். எனப்படும் இருபது ஓவர் லீக் போட்டிகள் சரியாக அந்தப் பங்குனியில் தொடங்கி வைகாசியில் முடிவதால், இந்த அட்டவணையை வகுத்தவர் யாராயினும் அவருக்குத் திருச்சுழித் தாலுகாவில் பத்து ஏக்கர் புஞ்சையாவது இருக்க வேண்டும் என்று கருத இடமிருக்கிறது. மழைக்காக ஆண்டு முழுவதும் வானத்தை அண்ணாந்து பார்க்கும் இம்மக்கள், மழையே வந்துவிடாதே என்று வேண்டிக்கொண்ட இரவும் ஒன்று உண்டு. 2023 மே மாதம் அகமதாபாத்தில் நடக்கவேண்டிய இறுதி ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போய், அன்றும் மழை குறுக்கிட்டு, 15 ஓவரில் 171 ஓட்டம் என்று இலக்கு மாற்றப்பட்டு, நள்ளிரவுக்குப் பின் ரவீந்திர ஜடேஜா கடைசி இரண்டு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு ஐந்தாவது கோப்பையை வாங்கித் தந்த இரவு அது. அவ்வேண்டுதலை வருணபகவான் தவறாகக் கணக்கில் எழுதிக்கொண்டாரோ என்ற ஐயம் ஒவ்வோர் ஐப்பசியிலும் இப்பகுதியில் எழுவதுண்டு.

மட்டை வரிசை என்பது, பதினொருவரில் யார் முதலில் இறங்குவது, யார் பிறகு இறங்குவது என்ற ஏற்பாடு. அருப்புக்கோட்டை நெசவுக்கும் பேர்போன ஊர் ஆதலால், இதில் நெசவாளர் பக்கத்துக்கென்று ஒரு கொள்கை உண்டு: தொடக்க ஆட்டக்காரர்கள் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல், பின்னால் வருபவர்கள் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், பாவு அறுந்த தறியில் ஊடையை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சேலை வராது. சம்சாரிகள் எனப்படும் உழவர்கள் பக்கம் இதை ஏற்பதில்லை. முன்மழை பொய்த்தாலும் பின்மழை காப்பாற்றிய ஆண்டுகள் அவர்கள் நினைவில் இருப்பதால், கடைசியில் இறங்கும் ஒருவரை நம்பி முதல் பத்து ஓவரைத் தாரைவார்ப்பதில் அவர்களுக்குத் தயக்கமில்லை. 2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூரு அணிக்கு எதிராக மகேந்திர சிங் தோனி ஒன்பதாம் இடத்தில் இறங்கி, 16 பந்துகளில் 30 ஓட்டம் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்று, சென்னை அணி 50 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றபோது, இவ்விரு கொள்கைகளும் ஒரே பெஞ்சில் மோதிக்கொண்டன. பின்மழை பெய்ததா என்றால் பெய்தது. அறுவடைக்குப் பிறகு பெய்தது. பத்து ஓவர் முழுக்க ஓடியாடி ஆட அவருடைய முழங்கால் இடம் தராது என்று பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங் அதற்கடுத்த சில நாள்களில் விளக்கியது பெஞ்சில் எடுபடவில்லை. முழங்கால் வலியோடு கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டப்போகும் உறுப்பினர்கள் குழுவில் பலர் இருந்தனர்.

2023 முதல் ஐ.பி.எல்.லில் நடைமுறையில் உள்ள மாற்று ஆட்டக்காரர் விதி இக்குழுக்களின் வேலையை இரட்டிப்பாக்கிவிட்டது. நாணயம் சுண்டும்போது தலைவர் பதினொருவர் பெயரோடு மேலும் ஐவர் பெயரைத் தரவேண்டும், அந்த ஐவரில் ஒருவரை ஆட்டத்தின் நடுவே இறக்கி, ஏற்கெனவே ஆடியவரை உட்கார வைக்கலாம் என்பது அவ்விதி. பாதி ஆட்டத்தில் ஆளை மாற்றுவது கிரிக்கெட்டா என்று மூத்த உறுப்பினர்கள் வருந்துகின்றனர். ஆயினும் சீட்டாட்டத்தில் மூன்று பேர் இருக்க நாலாவதாக வந்து குந்தியவரை எழுப்பிவிட்டு அவ்விடத்தில் அமரும் வழக்கத்தை இக்குழுக்களே நெடுங்காலமாகப் பேணி வந்துள்ளன என்பதையும் இங்குச் சுட்டவேண்டும்.

இளம் ஆட்டக்காரர்களை மதிப்பிடும் கலையில்தான் கரிசல் காட்டின் உண்மையான புலமை வெளிப்படுகிறது. அதன் மூலநூல் மாட்டுச்சந்தை. கன்றை வாங்குபவர் வாயைப் பிரித்துப் பல்லை எண்ணுவார். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று வயது அறியலாம். எல்லாப் பல்லும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்த மாடு என்பார்கள், அதற்குமேல் வயதைப் பல் சொல்லாது. அடுத்ததாகச் சுழி பார்ப்பார். சுழி என்பது மாட்டின் உடலில் மயிர் வட்டமாகச் சுழன்று நிற்கும் இடம், அது எங்கே இருக்கிறது என்பதை வைத்துக் குடிக்கு ஆகுமா, ஆகாதா என்று சொல்வது மரபு. பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்து உள்வாங்கச் செய்த தலம் என்று புராணம் சொல்லும் திருச்சுழியில், ரமண மகரிஷி 1879இல் பிறந்த அவ்வூரில், சுழி பார்க்கத் தெரியாது என்று ஒருவர் சொன்னால் அது அடக்கமாகக் கொள்ளப்படுமே தவிர உண்மையாகக் கொள்ளப்படாது.

இந்த இலக்கணத்தைக் கொண்டு 2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தை நோக்கினால் குழுவின் திகைப்பு விளங்கும். இந்திய அணிக்கு ஒருமுறைகூட ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரு இளைஞர்களையும், 30 இலட்சம் அடிப்படை விலையில் தொடங்கி, ஆளுக்கு 14.20 கோடி ரூபாய்க்குச் சென்னை அணி எடுத்தது. விலை பெஞ்சை வருத்தவில்லை, ஏனெனில் அப்பணத்தை யாரும் பார்த்ததில்லை, முறைதான் வருத்தியது. சந்தையில் இரு தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாமல் வியாபாரத்தை முடிப்பார்கள். ஏலத்திலோ ஊர் உலகமெல்லாம் பார்க்கப் பலகையை உயர்த்தித் தன் ஆசையைத் தானே காட்டிக்கொடுக்கிறார்கள். அப்படிக் காட்டினால் விலை ஏறாமல் என்ன செய்யும் என்று அனுபவசாலிகள் கேட்கின்றனர். அதற்கு முந்தைய மாதம் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டுச் சஞ்சு சாம்சனைப் பெற்றது மட்டும், உழவுக்குப் பழகிய மாட்டைக் கொடுத்து மாடு மாற்றும் பழைய வழக்கம் என்பதால் எளிதில் புரிந்தது. புரிந்ததே தவிர, 2023ஆம் ஆண்டின் அந்த இரவை மறக்காதவர்கள் இரண்டு நாள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள்.

பல் பார்க்கும் முறை தவறிய இடங்களும் உண்டு. 2024 ஏலத்தில் 13 வயதில் ராஜஸ்தான் அணி 1.10 கோடிக்கு எடுத்த வைபவ் சூர்யவன்ஷியைப் பால்பல் கன்று என்று பெஞ்சு தள்ளிவைத்தது. அக்கன்று 2025 ஏப்ரல் 28 அன்று குஜராத்துக்கு எதிராக 35 பந்துகளில் சதம் அடித்தது. சென்னைக்கு 30 இலட்சத்தில் வந்து சேர்ந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே, பெங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 94 எடுத்தார். மறுமுனையில், 1981இல் பிறந்த தோனி கடை சேர்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆனபின்னும் நுகத்தடியில் நின்றதால், பல்லை எண்ணும் பழக்கத்தையே கைவிடலாமா என்ற விவாதம் எழுந்தது. "மாப்ள, கடை சேந்த மாட்டுக்கு எதுக்கு வாயப் பிரிச்சுப் பாக்குற? உழுகுதான்னு பாரு" என்று மாமன் முறையுள்ள ஒருவர் சொன்னது அவ்விவாதத்தின் சாரம். "உழுகுது மாமா, ஒம்பதாவது ஏர்ல பூட்டுனா யாருதான் உழுகமாட்டா" என்று மாப்பிள்ளை முறையுள்ளவர் தந்த விடை சிறுபான்மைக் கருத்தாகக் குறித்துக்கொள்ளப்பட்டது.

அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் ஆட்டத்தில் இதே வேலையை ஓர் ஏற்பாடாகவே செய்கிறார்கள். பெரிய அணி ஒவ்வொன்றும் தன்கீழ்ச் சிறிய அணிகளை வைத்து இளைஞர்களை வளர்த்து மேலே அனுப்பும்; செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக பிராஞ்ச் ரிக்கி என்பவர் 1920களில் வளர்த்தெடுத்த இம்முறைக்கு அவர்கள் வைத்த பெயர் பண்ணை. அங்குள்ள இரசிகர்கள், பண்ணையில் எந்த நாற்று எப்போது தேறும் என்று ஆண்டு முழுவதும் கணக்குப் போடுகிறார்கள். நாற்றங்காலும் வேலியும் உள்ள பண்ணையில் கணக்குப் போடுவது எளிது. மானாவாரியில் கணக்குப் போடுபவருக்கே கலை தேவைப்படுகிறது என்பது இவ்வட்டாரத்தின் எண்ணம்.

இனி நடத்தை. ஆட்டக்காரரின் நடத்தையை விசாரிக்கும் பெஞ்சுக்கு ஒரே சட்டப்பிரிவுதான் தெரியும்: நம்ம ஆள் கோபப்பட்டால் அது ரோசம், எதிரணி ஆள் கோபப்பட்டால் அது திமிர். இதை 2019ஆம் ஆண்டு கடுமையாகச் சோதித்தது. மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில், அப்போது பஞ்சாப் தலைவராக இருந்த இரவிச்சந்திரன் அஸ்வின், பந்து வீசப்படும் முன்பே கோட்டைவிட்டு வெளியேறிய ஜோஸ் பட்லரை ரன் அவுட் செய்தார். 1947 டிசம்பரில் சிட்னியில் வினூ மன்கட், பில் பிரௌனை இதேபோல் வெளியேற்றியதிலிருந்து உலகம் இதை அறம் தவறிய செயலாகப் பேசி வந்தது. பக்கத்துப் புஞ்சைக்காரர் வரப்பை அரை அடி தள்ளி வெட்டியதற்கு மூன்று தலைமுறையாக வழக்காடும் பெஞ்சுக்கோ இதில் குழப்பமே இல்லை. எல்லையைத் தாண்டியவன் மேல் தவறு, காட்டிக்கொடுத்தவன் மேல் இல்லை. 2022இல் விதிநூல் இந்த ஆட்டமிழப்பை முறையற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து எடுத்து ரன் அவுட் பிரிவில் சேர்த்தபோது, தீர்ப்பு தங்கள் பெஞ்சிலிருந்தே போயிற்று என்று பலர் நம்பினர்.

அஸ்வின் பட்லரை வெளியேற்றிய பதினேழு நாள் கழித்து, அதே ஜெய்ப்பூரில், ஆட்டமிழந்து வெளியே உட்கார்ந்திருந்த தோனி, நோ-பால் என்று நடுவர் காட்டிய கை பின்வாங்கப்பட்டதைப் பொறுக்காமல் மைதானத்துக்குள் நடந்துபோய் வாதாடினார். ஆட்ட ஊதியத்தில் பாதி அபராதமாயிற்று. வரப்புச் சட்டப்படி அவரும் எல்லை தாண்டியவரே. பெஞ்சு நீண்டநேரம் மௌனம் காத்துவிட்டு, "ரோசம்" என்று எழுதி வழக்கை முடித்தது.

2025 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் சிக்கல் முற்றியது. திண்டுக்கல் தலைவராக ஆடிய அஸ்வின், எல்.பி.டபிள்யூ தீர்ப்புக்கு எதிர்ப்புக் காட்டி மட்டையால் கால்காப்பில் அடித்ததற்கு ஆட்ட ஊதியத்தில் 30 விழுக்காடு அபராதம் கட்டினார். சில நாளில், வேதிப்பொருள் தோய்த்த துண்டால் பந்தைத் துடைத்தார்கள் என்று மதுரை அணி திண்டுக்கல் அணிமேல் புகார் கொடுத்தது. ஆதாரம் இல்லை என்று லீக் அதை ஒதுக்கியது. அருப்புக்கோட்டைக்கு மதுரையே பக்கம் என்பதால் ஊர்ப்பாசம் ஒருபுறம் இழுக்க, துண்டுக்குள் என்ன நடக்கிறது என்பது துண்டுக்காரருக்கு மட்டுமே தெரியும் என்ற சந்தை ஞானம் மறுபுறம் இழுக்க, பெஞ்சு வாய்தா போட்டது. அவ்வாய்தா இன்னும் முடியவில்லை.

பிறர் நடத்தையை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்வோர் தாமே ஆடும் இடம் வறண்ட கம்மாய். அங்கே மட்டை வரிசையை வகுக்கும் விதி எளியது: மட்டை யாருடையதோ அவர் முதலில் இறங்குவார், அவுட் ஆனால் அது ட்ரையல் பந்து எனப்படும் கணக்கில் சேராத முன்னோட்டப் பந்தாகிவிடும். கையை மடக்கி எறிவதை 'மாங்கா' என்பர். எறிபவர் எதிரணியில் இருந்தால் மட்டுமே அது கண்ணுக்குப் புலப்படும். ஆள் ஒற்றைப்படையில் வந்தால் மிஞ்சியவர் இரு பக்கமும் ஆடுவார். நடுவு நிலைமைக்கு இவ்வட்டாரத்தில் உள்ள ஒரே உதாரணம் அவர், அவரையும் இருபுறமும் சந்தேகிப்பர். சீமைக்கருவேல முள்ளுக்குள் பந்தை அடித்தவர் அவுட், பந்தை எடுத்துத் தருவதும் அவர் பொறுப்பு என்னும் விதியோ எந்த லீக்கிலும் இல்லாத அளவு கண்டிப்பானது; முள் தைத்த காலோடு திரும்பி வருபவரிடம் யாரும் கூடுதலாக அபராதம் கேட்பதில்லை.

2025இல் சென்னை அணி 14 ஆட்டங்களில் 4 மட்டும் வென்று, வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. வேறு தொழில் செய்பவர்கள் இதைச் சரிவு என்பார்கள். மூன்று ஆண்டு விதைத்து ஓராண்டு வீடு கொண்டுவரும் கரிசல்காரர், வெள்ளாமை பொய்த்த ஆண்டிலும் அடுத்த விதைப்புக்குக் குலுக்கை என்னும் குதிரில் ஒரு மரக்கால் ஒதுக்கிவைப்பவர் ஆதலால், 14.20 கோடிக்கு எடுத்த அந்த இரு இளைஞர்களின் பெயர்களையும் ஏலம் முடிந்த மறுநாளே மட்டை வரிசையில் நான்காம், ஏழாம் இடங்களில் ஊன்றிவிட்டார். அவ்விடங்களைப் பற்றிய சண்டை ஓயாத நிலையில், பாய்லரடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டும் ஒரு சொல் சொல்லாதவர் கடைக்காரர் மட்டுமே. அவர் எந்த அணி என்ற கேள்விக்கு நெடுநாள் விடை கிடைக்கவில்லை. யார் வென்றாலும் சரி, ஆட்டம் கடைசி ஓவர் வரை போகவேண்டும், சூப்பர் ஓவர் என்றால் இன்னொரு சுற்று டீ ஓடும் என்பதே அவர் கட்சி என்பது, அவருடைய கடன் நோட்டைப் புரட்டியவர்களுக்கு மட்டும் தெரிந்த செய்தி.