திருமெய்யத்தில் பொய் வாட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கடைவீதி, திருமயம்): 450 வாட் என்று அச்சிட்ட எஸ்எம்பிஎஸ் ஒரு கடையில் 700 ரூபாய்க்கும் அடுத்த கடையில் 2,500 ரூபாய்க்கும் கிடைக்கிறது. எது ஏமாற்று?

பதில்: திருமயமாக மருவிய ஊருக்குத் திருமெய்யம், மலைக்குச் சத்தியகிரி, பெருமாளுக்குச் சத்தியமூர்த்தி என்று மெய்யை இத்தனை பெயர்களில் கட்டிக் காத்துவரும் இடத்துக்கும் பொய் வாட் பேருந்தேறி வந்துவிட்டது என்பதே இக்கேள்வி தரும் செய்தி. எஸ்எம்பிஎஸ் என்பது சுவர்ப் பிளக்கில் வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துச் சேர்த்து, கணினிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரங்களாக மாற்றித் தரும் பெட்டி. இக்காலக் கணினியில் செயலியும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுப் பசியையும் 12 வோல்ட்டிலேயே தீர்த்துக்கொள்வதால், பெட்டியில் ஒட்டியுள்ள அட்டவணையில் அந்த வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்கிப் பார்ப்பதே விலைபேசுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை. அங்கே 36 ஆம்பியர் இருந்தால் 432 வாட். பெயருக்கும் உடலுக்கும் பொருத்தம் உண்டு. 18 ஆம்பியர் இருந்தால் 216 வாட் மட்டுமே. மீதி 234 வாட்டில் ஒரு பகுதி 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கேட்பாரற்றுக் கிடக்கும், எஞ்சியது ஒட்டுத்தாளின் பசையில் இருக்கும். கடியாபட்டி நகரத்தார் வீடுகளில் முகப்பைக் கடந்தால் வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வீடு அடுத்த தெருவரை நீண்டுகொண்டே போகும். மலிவு எஸ்எம்பிஎஸ்ஸிலோ முகப்பு மட்டுமே உண்டு, அதுவும் காகிதத்தில்.

ஆயினும் 700 ரூபாய்ப் பெட்டியை அடியோடு பழிப்பது நியாயமாகாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், கணக்கும் கடிதமும் எழுதும் கணினி 100 வாட்டைத் தொடுவதே அரிது என்பதால், 216 வாட்டை உண்மையாகவே தரும் பெட்டி அதற்குத் தாராளம். பொய் சொல்வது பெரும்பாலும் பெட்டியன்று, அதன் மேலுள்ள தாளே.

கேள்வி (அரிமளம்): பல வண்ண விளக்கு எரியும் எஸ்எம்பிஎஸ் நல்லதா?

பதில்: தேரோட்டத்துக்கு நல்லது.

கேள்வி (பொன்னமராவதி): 1,000 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் மின்கட்டணம் ஏறுமா?

பதில்: அண்டா பெரிதாகிவிட்டதால் குடிப்பவரின் தாகம் கூடுவதில்லை.

கேள்வி (ராயவரம்): கையில் தூக்கிப் பார்த்து, கனமானதை வாங்கலாமா?

பதில்: மின்சுருளும் வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடும் எடை உடையவை என்பதால், இறகுபோல் இருப்பதை ஒதுக்க இம்முறை உதவும், கனமானதை ஏற்க உதவாது, ஏனெனில் உள்ளே வைத்து மூடிய இரும்புத் துண்டுக்கும் எடை உண்டு.

கேள்வி (நச்சாந்துபட்டி): அலுவலகம் ஒன்று கழித்த பிராண்டட் கணினிக்குப் புது எஸ்எம்பிஎஸ் வாங்கியாயிற்று, இணைப்பான் மதர்போர்டில் பொருந்தவில்லை. வயரை வெட்டி ஒட்டலாமா?

பதில்: பொருந்தாமல் போனதற்குக் கேள்வியாளர் மகிழவேண்டும். இன்டெல் 1995இல் வகுத்த ஏடிஎக்ஸ் என்னும் அளவு நெறியைப் பின்பற்றும் போர்டுகளுக்கு இன்று 24 முனை இணைப்பான் ஒன்றும், செயலிக்கெனத் தனியே 4 அல்லது 8 முனை இணைப்பான் ஒன்றும் பொதுவானவை. பெருநிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் பலவற்றிலோ 6, 8, 14 முனைகள் என்று அவரவர் வீட்டு வழக்கம். அவற்றுக்கென மாற்றுக் கேபிள்கள் விற்கப்படுகின்றன என்பதால், கணினியின் மாடல் எண்ணைச் சொல்லி உரியதை வாங்குவதே முறை. குறட்டையும் இன்சுலேஷன் டேப்பையும் கீழே வைத்துவிடலாம். உண்மையில் அஞ்சவேண்டியது அச்சாகப் பொருந்திவிட்டு உள்ளே வேறாக இருப்பதற்குத்தான்: 1990களின் பிற்பகுதியில் டெல் நிறுவனக் கணினிகள் சிலவற்றின் இணைப்பான் தோற்றத்தில் ஏடிஎக்ஸ் போலவே இருந்து, வயர் வரிசையில் மட்டும் மாறுபட்டிருந்ததால், சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினால் போர்டோ பெட்டியோ கருகும் நிலை இருந்தது. கழற்றி மாட்டும் கேபிள் கொண்ட எஸ்எம்பிஎஸ்களிலும் இவ்வாபத்து இன்றுவரை தொடர்கிறது. கேபிளின் போர்டுப் பக்கத்துக்கு நெறி உண்டு, பெட்டிப் பக்கத்துக்கு இல்லை. ஆகவே ஒரு பிராண்டின் கேபிளை இன்னொன்றில் செருகினால் அழகாக நுழையக்கூடும், ஹார்டு டிஸ்க்கின் 5 வோல்ட் வழியில் 12 வோல்ட் பாயக்கூடும், பாய்ந்தால் பத்தாண்டுக் குடும்பப் படங்கள் ஒரு நொடியில் போகும்.

கேள்வி (திருமயம்): மின்சாரம் போனதும் யூபிஎஸ் ‘பீப்’ என்கிறது, கணினியோ அணைந்துவிடுகிறது. குற்றவாளி யார்?

பதில்: பேட்டரி கிழடாகியிருந்தால் யூபிஎஸ், இல்லையெனில் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ். யூபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லி நொடிகள் பிடிக்கும். அவ்விடைவெளியைத் தாங்குவதற்காக எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று இருக்கவேண்டும் என்பதும், சுமை இருக்கும்போதும் ஏறக்குறைய 16 மில்லி நொடி அது தாக்குப்பிடிக்கவேண்டும் என்பதும் ஏடிஎக்ஸ் வழிகாட்டியின் எதிர்பார்ப்பு. விலையைக் குறைக்கப் புறப்பட்டவர்கள் பானை வைக்கவேண்டிய இடத்தில் செம்பை வைத்துவிடுகிறார்கள்.

கேள்வி (திருமயம்): அட்டையில் ஓவிபி, ஓசிபி, எஸ்சிபி என்று எழுதியிருப்பது என்ன?

பதில்: வோல்ட் மிகுதல், மின்னோட்டம் மிகுதல், குறுக்குச்சுற்று ஆகியவை நேரும்போது பெட்டி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் காவல்கள் அவை. 1687இல் இராமநாதபுரம் சேதுபதி எழுப்பிய திருமயம் கோட்டைக்கு ஏழு சுற்று மதில்கள் இருந்தனவென்றும் இன்று எஞ்சியவை நான்கே என்றும் கூறுவர். மூன்று மதில்களை அழிக்கக் காலத்துக்கு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் அவ்வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. மதிலற்ற பெட்டி சாகும்போது தனியே சாவதில்லை, போர்டையும் டிஸ்க்கையும் உடன்கட்டை ஏற்றுகிறது என்பதால், கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு முதல் கேள்வியில் வந்த 2,500 ரூபாய் ஆடம்பரமன்று. அதற்கு மேலும் கொடுத்து வண்ண விளக்கு வாங்குவது ஆடம்பரம்.

கேள்வி (கே.புதுப்பட்டி): கேபினட்டைத் தொட்டால் ‘சுர்’ரென்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, இங்கே நகைப்புக்கும் இடமில்லை. மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஃபேஸ் வயரிலிருந்தும் நியூட்ரல் வயரிலிருந்தும் இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் உலோகப் பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்கும். பெட்டி எர்த் வழியே மண்ணைத் தொட்டிருந்தால் அச்சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும், எர்த் இல்லையெனில் பெட்டி 230இல் பாதியாகிய 115 வோல்ட் அளவில் மிதக்கும். அக்கசிவின் மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் வீட்டில் எர்த் இல்லாதிருக்கலாம் என்பதை அது அறிவித்துவிட்டது. அவ்வாறாயின் நாளை கிரைண்டரிலோ வாஷிங் மெஷினிலோ ஃபேஸ் வயர் உடலைத் தொட்டால், மண்ணுக்குப் போகும் வழி மனித உடலாகவே இருக்கும். பாறையும் செம்மண்ணும் கலந்த வறண்ட நிலத்தில் எர்த் குழி ஆழமாக இருக்கவேண்டும், கரியும் உப்பும் இட்டுக் கோடையில் நீர் ஊற்றி வரவேண்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து அதன் தடையை அளக்கச் செய்து, 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி என்னும் கசிவுக் காவல் சுவிட்சையும் மாட்டுவது நல்லது. பிளக்கின் மூன்றாம் காலை ஒடித்திருந்தால் இன்றே மாற்றவேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியைத் திறந்து ஆராய்வதும் கூடாது; பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

கேள்வி (லெம்பலக்குடி): திருமயத்திலேயே பெல் நிறுவனத்தின் ஆலை இருக்கும்போது, எஸ்எம்பிஎஸ் மட்டும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவேண்டுமா?

பதில்: அவ்வாலையில் உருவாவன மின் நிலையங்களுக்கான குழாய்த் தொகுதிகள். அவற்றில் ஒன்றைக் கேபினட்டுக்குள் நுழைக்கும் வழியைக் கேள்வியாளர் கண்டறிந்து எழுதினால், 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் அச்சிடலாம் என்பதை இப்பகுதி கணக்கிட்டுத் தரும்.